குழந்தையின் ஐசியூ நாட்களுக்குத் தயாராவது எப்படி? ஆபரேஷன் தேதி குறித்த நாளிலிருந்து வீடு திரும்பிய பிறகு வரை

"போட்டோ எடுக்கத்தான் போறோம் தங்கம், ஊசியெல்லாம் கிடையாது." என் அம்மா என் மகளிடம் இப்படிச் சொல்லித்தான் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கக் கிளப்பினார். போன இடத்தில் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான்கு பேர் சேர்ந்து பிடித்துக்கொள்ள, ஊசி போட்டாயிற்று. வழி முழுக்க அவள் அழவே இல்லை. தன் அம்மாச்சியின் மடியில் உட்கார மாட்டேன் என்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். அப்போது அவளுக்கு 5 வயது. இரண்டு மாதம் கழித்து இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவே இருந்த ஓட்டையை அடைக்க ஆபரேஷன். அதற்குப் பிறகு ஐசியூ. அந்த இரண்டு மாதத்தில் நான் செய்த முதல் வேலை, அவள் எங்கள் பேச்சை மறுபடியும் நம்பும்படி செய்ததுதான்.

ஐசியூவுக்குத் தயாராவது என்றால் பணம், பை, ரத்தம் என்றுதான் நமக்குத் தோன்றும். எல்லாமே வேண்டும், கீழே சொல்கிறேன். ஆனால் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டு உள்ளே போன குழந்தைக்கும், ஏமாற்றிக் கூட்டிப்போன குழந்தைக்கும் கண் விழிக்கும்போது பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதிதான் நீளமாக இருக்கும்.

நான் எழுதுவது முன்கூட்டியே தேதி குறித்த ஆபரேஷனை வைத்து. இதயம், முதுகுத்தண்டு, கல்லீரல் என்று எதுவானாலும் பெரும்பகுதி பொருந்தும். திடீரென்று சேர்க்க நேர்ந்தவர்கள் "கதவுக்கு அந்தப் பக்கம்" என்ற இடத்திலிருந்து படியுங்கள்.

தேதி குறித்ததும் கேட்க வேண்டியவை

டாக்டர் தேதி சொன்னவுடன் நாம் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் முளைக்கும். ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டு அடுத்த முறை போங்கள். நான் கேட்டவை இவை. ஐசியூவில் எத்தனை நாள் எதிர்பார்க்கிறீர்கள்? நீண்டால் எதனால் நீளும்? மூச்சுக்குழாய் எப்போது எடுப்பீர்கள்? அம்மாவோ அப்பாவோ கூட இருக்கலாமா, இல்லை பார்வை நேரம் மட்டும்தானா? நிலைமையைப் பற்றி தினமும் யார், எத்தனை மணிக்குச் சொல்வார்கள்? ராத்திரி ஏதாவது என்றால் எந்த நம்பருக்கு அழைப்பீர்கள், நாங்கள் எங்கே தூங்கலாம்?

"எத்தனை நாள்" என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த பதில் மூன்று நாள். நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடியிருந்ததால் ஏழு நாளாகிவிட்டது. யார் மேலும் தப்பில்லை. எதனால் நீளலாம் என்று முன்பே கேட்டு வைத்திருந்ததால் நாலாவது நாள் நாங்கள் பதறவில்லை.

இன்னொன்று: ஐசியூவை ஆபரேஷனுக்கு முன்பு ஒருமுறை வாசலில் நின்றாவது பார்க்க முடியுமா என்று கேளுங்கள். சில மருத்துவமனைகளில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். முடியாது என்றால் வெறும் கட்டில், மானிட்டர் படமாவது காட்டச் சொல்லுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

பணமும் காகிதமும்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அரசு மருத்துவமனை மட்டுமல்லாமல், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். குழந்தைகளின் இதய ஆபரேஷன்கள் இதில் வருகின்றன. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கைக்குழந்தை வைத்திருக்கும் பல வீடுகளில் சிக்குவது இங்கேதான். சந்தேகம் என்றால் கட்டணமில்லாத எண் 1800 425 3993.

அட்டை இருந்தால் மட்டும் போதாது. ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவமனை விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். "அப்ரூவல் வந்துவிட்டதா?" என்று காப்பீட்டுப் பிரிவில் நீங்களே கேளுங்கள். அங்கன்வாடிக்கோ அரசுப் பள்ளிக்கோ வந்த மருத்துவக் குழுதான் குறையைக் கண்டுபிடித்தது என்றால், அவர்கள் கொடுத்த சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட மையம் வழியாக மேல்சிகிச்சைக்கு அனுப்ப அது உதவும். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஐசியூ அறை வாடகைக்கு வரம்பு இருக்கிறதா என்பதையும், பிறவிக் குறைக்குப் பணம் தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரத்த தானம் செய்ய ஆட்களைக் கேட்பார்கள். 18 வயது நிரம்பியவர்களாக, 45 கிலோவுக்குக் குறையாதவர்களாக இருக்க வேண்டும். கடைசியாகக் கொடுத்து ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் ஆகியிருக்க வேண்டும். "என் ரத்தத்தையே என் பிள்ளைக்கு ஏற்றுங்கள்" என்று நிறைய அப்பாக்கள் அடம்பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். நெருங்கிய ரத்த உறவினரின் ரத்தத்தை அப்படியே ஏற்றுவதில் அரிதான ஆனால் கடுமையான ஒரு ஆபத்து உண்டு. அதனால் டாக்டர்கள் அதைத் தவிர்ப்பார்கள். நீங்கள் கொடுப்பது ரத்த வங்கிக்கு, பிள்ளைக்கு வருவது வங்கியிலிருந்து. சரியான ஏற்பாடுதான் அது.

உடம்பைத் தயார் செய்வது

சளி பிடித்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சளியோடு மயக்க மருந்து கொடுத்தால் நுரையீரலில் சிக்கல் வர வாய்ப்பு அதிகம், வென்டிலேட்டரிலிருந்து இறக்குவதும் தாமதமாகலாம். கடைசி இரண்டு வாரம் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதற்கும் வேண்டாம். பார்க்க வருகிறேன் என்று இருமிக்கொண்டே வரும் மாமாவை வாசலிலேயே நிறுத்தத் தயங்காதீர்கள். மீறிச் சளி வந்துவிட்டால் மறைக்காமல் போன் செய்து சொல்லுங்கள். தேதி போனால் இன்னொரு தேதி வரும்.

இதய ஆபரேஷன் என்றால் பல் டாக்டரிடம் முதலில் போங்கள். சொத்தைப் பல்லிலிருந்து ரத்தத்தில் கிருமி கலந்தால் இதயத்தின் உள்சுவரில் தொற்று வரலாம். ரத்தசோகை இருந்தால் இப்போதே சரிசெய்ய மருந்து தருவார்கள். தடுப்பூசி ஏதாவது பாக்கி இருந்தால் எப்போது போடுவது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். ஆபரேஷன் சமயத்தில் தடுப்பூசிக் காய்ச்சல் வந்தால் எது எதனால் என்று குழம்பிவிடும். சித்தா, ஹோமியோபதி, நாட்டு மருந்து எதைக் கொடுத்துக்கொண்டிருந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

குழந்தையிடம் எப்போது, என்ன சொல்வது

முதலில் ஒரு வாக்கியத்தை வீட்டிலிருந்தே ஒழித்துவிடுங்கள்: "சாப்பிடலேன்னா டாக்டர் வந்து ஊசி போட்டுருவார்." நம் வீடுகளில் இது தினசரி பேச்சு. நாலைந்து வயதுக் குழந்தைக்கு ஆபரேஷன் என்றால் அது தண்டனை என்றே பதிந்திருக்கும். என் மகள் ஒரு நாள் ராத்திரி கேட்டாள்: "நான் தம்பியைக் கடிச்சதாலயாம்மா ஓட்டை விழுந்துச்சு?" எத்தனை நாள் அதை மனதில் வைத்திருந்தாளோ. "நீ என் வயித்துல இருக்கும்போதே அந்த ஓட்டை இருந்துச்சு. நீ ஒண்ணும் பண்ணல, நாங்களும் ஒண்ணும் பண்ணல" என்று சொன்னேன். உங்கள் குழந்தை கேட்காவிட்டாலும் இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

எப்போது சொல்வது என்பது வயதைப் பொறுத்தது. இரண்டு, மூன்று வயதுக்கு முந்தைய நாள் சொன்னால் போதும்; அதற்கு முன்னால் சொன்னால் நாள் கணக்குப் புரியாமல் தவிப்பார்கள். நாலிலிருந்து ஆறு வயதுக்கு ஒரு வாரம் முன்னால். ஏழெட்டு வயதுக்கு மேல் இரண்டு வாரமாவது வேண்டும், அவர்களுக்கு யோசிக்கவும் கேட்கவும் நேரம் தேவை. பதின்ம வயதுப் பிள்ளைகளை டாக்டரிடம் பேசும்போதே பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்களைத் தாண்டி நாம் கிசுகிசுப்பதுதான் அவர்களுக்குப் பெரிய பயம்.

என்ன சொல்வது? கண்ணால் பார்ப்பது, காதால் கேட்பது, உடம்பில் உணர்வது என்ற வரிசையில் சொன்னால் சுலபம். நான் சொன்னது கிட்டத்தட்ட இப்படி:

"உன்னை ஒரு ரூமுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அங்க மருந்துத் தூக்கம் குடுப்பாங்க. அது ராத்திரி தூங்குற தூக்கம் மாதிரி இல்ல, வலியே தெரியாது. டாக்டர் ஓட்டையை அடைச்சு முடிச்சதும் அந்த மருந்தை நிறுத்துவாங்க, நீ முழிச்சுக்குவ. முழிக்கும்போது வாயில ஒரு குழாய் இருக்கும், அது உனக்காக மூச்சு விடும். அது இருக்கும்போது உன் சத்தம் வெளியே வராது. குரல் போயிடல, குழாய் எடுத்ததும் வந்துடும். கையைத் துணியால லேசா கட்டியிருப்பாங்க. நீ தப்புப் பண்ணினதுக்காக இல்ல, தூக்கக் கலக்கத்துல குழாயை இழுத்துடக் கூடாதுன்னு. பீப் பீப்புன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். வலிக்கும். வலிச்சா விரலைத் தூக்கு, சிஸ்டர் மருந்து தருவாங்க."

"வலிக்காது" என்று சொல்லாதீர்கள். "வலிக்கும், அதுக்கு மருந்து இருக்கு" என்று சொல்லுங்கள். "மருந்துத் தூக்கம்" என்று தனியாகப் பெயர் வைத்ததற்கும் காரணம் உண்டு. வெறுமனே "தூங்க வைப்பாங்க" என்றால், வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரி படுக்கவே பயப்படும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

அவள் கேட்ட ஒரே கேள்வி, "நான் தூங்கும்போது நீ எங்க இருப்ப?" ஓட்டை, கத்தி, தையல் எதைப் பற்றியும் இல்லை. எந்தக் கதவுக்கு வெளியே, எந்த நாற்காலியில் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். ஆபரேஷன் தியேட்டர் ஒரு கட்டம், ஐசியூ ஒரு கட்டம், நடுவில் ஒரு கோடு, கோட்டில் சேலை கட்டிய ஒரு குச்சி உருவம். அவள் அந்தக் குச்சிக்குக் கண்ணாடியும் போட்டுவிட்டாள்.

அப்புறம் விளையாட்டு. ஒரு துணி யானை, ஒரு பஞ்சுப் பை, பிளாஸ்டர், ஊசி இல்லாத சிரிஞ்சு, ஈசிஜிக்கு ஒட்டும் வட்டத் துண்டுகள் இரண்டு. கடைசியாகச் சொன்னதை எக்கோ அறை சிஸ்டரிடம் கேட்டு வாங்கினேன். யானைக்கு ஆபரேஷன் செய்து, வாயில் ஸ்ட்ரா வைத்து, முன்காலை ரிப்பனால் கட்டினோம். முதல் நாள் ரிப்பனை அவிழ்த்துவிடச் சொல்லி அழுதாள். மூன்றாம் நாள் அவளே கட்டி, "குழாயை இழுக்கக் கூடாதுல்ல" என்று யானைக்குச் சொன்னாள்.

குரல் வராத நேரத்துக்காகச் சைகை பழகினோம். ஒரு விரல் என்றால் ஆமாம், கையை மூடினால் இல்லை. ஒரு அட்டையில் ஆறு படம்: வலி, தண்ணீர், ஒன்றுக்கு, குளிர், அம்மா, பயம். விரலால் தொட்டுக் காட்டலாம். ஐசியூவில் அவள் அதிகம் தொட்ட படம் தண்ணீர்.

வீட்டில் மற்றவர்களுக்கு

தாத்தா பாட்டியை உட்கார வைத்து, குழந்தையிடம் என்ன சொல்லியிருக்கிறோம் என்பதை வரிக்கு வரி சொல்லுங்கள். எல்லோரும் ஒரே பேச்சுப் பேச வேண்டும். என் அம்மாவும் பொய் சொன்னது பாசத்தில்தான். "பாட்டி அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன்" என்று பேத்தியிடம் அவரே சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் மடியில் ஏறினாள்.

கூடப் பிறந்தவர்களுக்கும் உண்மை வேண்டும். வீட்டில் விட்டுவிட்டுப் போகும் பிள்ளை யாரோடு தூங்கும், யார் பள்ளிக்குக் கூட்டிப்போவார்கள் என்பதை முன்பே முடிவு செய்து இரண்டு நாள் பழக்கிவிடுங்கள். உறவுக்காரர்களில் நிதானமான ஒருவரைப் "போன் ஆள்" ஆக்குங்கள். எங்களுக்கு என் நாத்தனார். தினமும் ராத்திரி 7 மணிக்கு அவர் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி போடுவார், மற்றவர்கள் அவரிடம் மட்டும் கேட்க வேண்டும். ஐசியூ வாசலில் இருபது பேருக்குத் திரும்பத் திரும்ப ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தால் குழந்தைக்காகப் பேச நமக்குத் தெம்பு இருக்காது.

பையில் என்ன இருக்க வேண்டும்

குழந்தைக்கு ஐசியூவில் உடையே அதிகம் தேவைப்படாது. முன்பக்கம் திறக்கும் பருத்திச் சட்டை மூன்று, உதட்டில் தடவ வாஸ்லின், துவைத்து உலர்த்தி மூடிய உறையில் போட்ட ஒரு பொம்மை. குடும்பப் படம் ஒன்று. போனில் அப்பா, தம்பி, பாட்டி குரல்களைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒலிக்க விடலாமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

இதையெல்லாம்விட உதவியது ஒரு காகிதம். அதில் பெரிய எழுத்தில் இப்படி எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டச் சொன்னோம்: வீட்டில் கூப்பிடும் பெயர், தண்ணீருக்கு அவள் சொல்லும் சொல், ஒன்றுக்கு வந்தால் சொல்லும் சொல், எதற்குப் பயம், என்ன சொன்னால் சிரிப்பாள். சிஸ்டர்களில் பலருக்கு மலையாளம் தாய்மொழியாக இருக்கலாம், வேறு ஊர் வழக்காகவும் இருக்கலாம். என் மகள் "நாச்சா" என்றால் நெஞ்சு எரிகிறது என்று அர்த்தம் என்பது எங்கள் வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாதே.

நமக்கு: சார்ஜர், ஃபிளாஸ்க், போர்வை, கொசுவர்த்திக்குப் பதில் தடவும் களிம்பு, இரண்டு நாள் மாற்றுத்துணி, நாம் தினமும் போடும் மாத்திரைகள், அந்த நோட்டு, எல்லா ரிப்போர்ட்டும் தேதிவாரியாக அடுக்கிய ஃபைல். தாய்ப்பால் கொடுப்பவர்கள் பாலைப் பீய்ச்சிச் சேமிக்க மருத்துவமனையில் என்ன வசதி என்று முன்பே கேட்டுவிடுங்கள். குழந்தை குடிக்காத நாட்களிலும் பீய்ச்சிக்கொண்டே இருந்தால்தான் சுரப்பு நிற்காது.

முந்தைய நாள்

கொலுசு, வளையல், தோடு, அரைஞாண் கயிறு, தாயத்து எல்லாவற்றையும் ஆபரேஷனுக்கு முன் கழற்றச் சொல்வார்கள். கடைசி நேரத்தில் கத்தரிக்கோலால் வெட்டும்போது வீட்டுப் பெரியவர்கள் கலங்கிவிடுகிறார்கள். வீட்டிலேயே சாமி முன்னால் கழற்றி ஒரு சம்புடத்தில் போட்டு வையுங்கள், வந்ததும் கட்டலாம். உள்ளே திருநீறு, குங்குமம் பூச அனுமதி இருக்காது. குழாய்கள் உடம்புக்குள் போகும் இடங்கள் சுத்தமாக இருக்க வேண்டும். நகப்பூச்சை அழித்துவிடுங்கள். விரலில் மாட்டும் சிவப்பு விளக்குக் கருவி ஆக்சிஜனைச் சரியாகக் காட்ட வேண்டும். அதே காரணத்துக்காக மருதாணியும் அந்த மாதம் வேண்டாம். பெண் குழந்தைக்குத் தலையைப் பேன் பார்த்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பின்னல் போடுங்கள். நடுவில் ஒரே பின்னல் என்றால் நாட்கணக்கில் மல்லாந்து படுக்கும்போது பின்மண்டையில் உறுத்தும்.

பட்டினி நேரம் பொதுவாக இப்படி: கெட்டியான உணவுக்கும் பசும்பால், பவுடர் பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, வெறும் தண்ணீருக்கு 2. உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரம்தான் கடைசி வார்த்தை. பசிக்கிறதே என்று ஒரு பிஸ்கட் கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் அது வாந்தியாகி நுரையீரலுக்குள் போகலாம். யாராவது தெரியாமல் கொடுத்துவிட்டால் உடனே சொல்லிவிட வேண்டும், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம்

எவ்வளவு தயாராகப் போனாலும் முதல் பார்வை உலுக்கும். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, மேலே கவுன் மாட்டி உள்ளே போகும்போது என் கண்ணுக்கு முதலில் தெரிந்தது அவள் கால் கட்டைவிரலில் ஒளிர்ந்த சிவப்பு விளக்கு. அடுத்து, முகம். வீங்கியிருந்தது. கண் இமை பளபளவென்று உப்பி, இது என் பிள்ளைதானா என்று ஒரு நொடி திகைத்தேன். ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் இயந்திரத்தில் இருந்து வந்த உடம்பில் நீர் தேங்கும், சிறுநீர் வழியாக இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். இது தெரிந்திருந்தும் கால் துவண்டது. உங்களுக்கும் அப்படி இருந்தால் நாற்காலி கேளுங்கள். சாப்பிடாமல் உள்ளே போகாதீர்கள்.

என்னென்ன பார்ப்பீர்கள் என்று சொல்லிவிடுகிறேன். வாயில் மூச்சுக்குழாய், வென்டிலேட்டரோடு இணைந்திருக்கும். மூக்கில் வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாய். கழுத்தில் மருந்து ஏற்றும் குழாய். ஒரே இடத்தில் நாலைந்து மருந்துகள், சின்ன பம்புகளில் வரிசையாக. மணிக்கட்டில் ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி காட்டும் இன்னொரு குழாய். நெஞ்சுக்குக் கீழே ரத்தமும் நீரும் வடியும் குழாய், பக்கத்தில் சிவப்பாக நிரம்பும் பெட்டி. அதில் ரத்தத்தைப் பார்த்து அலறாதீர்கள், வெளியே வர வேண்டியதுதான் வருகிறது. சிறுநீர்ப் பை. நெஞ்சில் ஒட்டிய வயர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளாகக் கழன்றுகொண்டே வரும். நோட்டில் அவற்றை வரிசையாக எழுதி, எடுக்க எடுக்கக் கோடு போட்டோம். என் கணவருக்கு அதுதான் பிடிமானமாக இருந்தது.

மானிட்டரில் முக்கியமான எண்கள் நான்கு: இதயத் துடிப்பு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், மூச்சு. குழந்தையின் துடிப்பு நம்முடையதைவிட வேகமாகத்தான் இருக்கும். 5 வயதுக்கு 100, 110 என்று ஓடுவது சாதாரணம், கைக்குழந்தைக்கு 140கூட இருக்கும். அலாரம் அடித்தால் சிஸ்டர் முகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் வயர் நழுவியிருக்கும், இல்லை குழந்தை அசைந்திருக்கும். ஓடி வந்து ஒரு பட்டனை அழுத்திவிட்டுப் போனால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். எண்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். குழந்தையைப் பாருங்கள்.

தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். வருடிக்கொண்டே இருப்பதைவிட, உள்ளங்கையைத் தலையிலோ பாதத்திலோ அழுத்தமாக வைத்து அசையாமல் இருப்பது நல்லது. மயக்கத்தில் இருந்தாலும் பேசுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். நான் முருங்கைக் கீரை ஆய்ந்ததையும் எதிர்வீட்டு நாய் குட்டி போட்டதையும் சொன்னேன். அவள் கண் விளிம்பில் நீர் கோத்தது. அழவைத்துவிட்டேனே என்று பயந்தேன். "கேக்குதும்மா அவளுக்கு, பேசுங்க" என்றார் சிஸ்டர்.

வெளியே வந்து அழுவதில் தப்பே இல்லை.

காத்திருக்கும் நாட்கள்

நம் ஊரில் பல ஐசியூக்களில் காலை அரை மணி, மாலை அரை மணிதான் பார்வை நேரம். 1959-லேயே இங்கிலாந்தில் அரசு அமைத்த குழு ஒன்று, மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளைப் பெற்றோர் தடையில்லாமல் பார்க்க விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. இங்கேயும் சில இடங்களில் அம்மாவை இரவு பகலாக அனுமதிக்கிறார்கள். தொற்று, இடநெருக்கடி என்ற காரணங்கள் எனக்கும் புரிகின்றன. ஆனாலும் கை கழுவத் தெரிந்த ஒரு தாயோ தகப்பனோ பக்கத்தில் இருப்பது சிகிச்சையில் ஒரு பகுதி என்றே நம்புகிறேன். பணிவாகக் கேளுங்கள், மறுத்தால் அடுத்த நாளும் கேளுங்கள். குறிப்பாக மயக்கம் தெளியும் நேரத்திலும், குழாய் எடுத்த பிறகும் உள்ளே இருக்க அனுமதி கேளுங்கள்.

டாக்டர் பேசும் நேரத்தில் இருவர் போங்கள், ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. "எப்படி இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் "அப்படியேதான் இருக்கா" என்ற பதில்தான் வரும். மூச்சு எப்படி, ரத்த அழுத்தத்துக்கான மருந்து கூடியதா குறைந்ததா, காய்ச்சல் உண்டா, சிறுநீர் போகிறதா, நேற்றைவிட இன்று என்ன மாறியது, நாளை எதற்காகக் காத்திருக்கிறோம் என்று கேளுங்கள். புரியாத சொல் வந்தால் "தமிழில் சொல்லுங்கள்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முன்னேற்றம் நேர்கோட்டில் போகாது. இரண்டு அடி முன்னால், ஒரு அடி பின்னால்.

மோசமான செய்தியும் வரலாம். அதைக் கேட்க வேண்டிய நிலை வந்தால், நடைபாதையில் நின்றுகொண்டு கேட்காதீர்கள். உட்கார ஒரு அறை கேளுங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், குழந்தைக்கு வலி இல்லாமல் பார்த்துக்கொள்கிறீர்களா என்பதை முதலில் கேளுங்கள்.

தூக்கத்தை முறை வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒருவர் மட்டும் வாசலில். ஏழாவது நாள்தான் உங்கள் தெம்பு உண்மையில் தேவைப்படும். அன்று நீங்கள் காய்ச்சலோடு படுத்தால் உள்ளே விடவும் மாட்டார்கள்.

முன்பே சொல்லி வைக்க வேண்டிய ஒன்று: மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் மாறிப்போனதுபோல நடந்துகொள்வார்கள். இல்லாததைப் பார்ப்பது, நம்மையே அடையாளம் தெரியாததுபோல் பார்ப்பது, ராத்திரி முழுக்க விழித்திருப்பது. என் மகள் மேற்கூரையில் எறும்பு ஊர்கிறது என்று காட்டிக்கொண்டே இருந்தாள். மருந்தும், நோயும், இரவு பகல் தெரியாத விளக்கும் சேர்ந்து செய்வது இது, பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். நீங்கள் கவனித்ததை உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். தாய்க்குத்தான் அந்த மாற்றம் முதலில் தெரியும். "இப்ப காலையில, இது ஆஸ்பத்திரி, நான் அம்மா" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். கண்ணாடி போடும் குழந்தைக்குக் கண்ணாடியை மாட்டிவிடுங்கள். நாட்கணக்கில் மயக்க மருந்து, வலி மருந்து ஓடியிருந்தால் அதைப் படிப்படியாகக் குறைப்பார்கள். அப்போது நடுக்கம், வியர்வை, அழுகை வரலாம்.

வார்டுக்கு மாற்றும் நாள்

சந்தோஷமான நாள்தான், ஆனால் எனக்கு அன்றுதான் பயம் அதிகம். ஒரு சிஸ்டர் பக்கத்திலேயே நின்ற இடத்திலிருந்து, பத்துக் கட்டிலுக்கு ஒரு சிஸ்டர் இருக்கும் இடத்துக்கு வருகிறோம். மானிட்டர் இல்லாத அமைதி தூங்க விடாது. மாற்றுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: எதைக் கவனிக்க வேண்டும், எது நடந்தால் கூப்பிட வேண்டும், அடுத்த வலி மருந்து எத்தனை மணிக்கு. மூச்சுக்குழாய் எடுத்த தொண்டை கரகரக்கும், குரல் சில நாள் கம்மியிருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

நெஞ்செலும்பைப் பிளந்து தைத்திருந்தால் ஆறு வாரத்துக்கு அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கையைப் புட்டத்துக்குக் கீழும் மறு கையை முதுகுக்குப் பின்னாலும் கொடுத்து அள்ளித் தூக்க வேண்டும். வரும் விருந்தாளிகளிடமும் இதைச் சொல்லுங்கள், ஆசையாகத் தூக்கிவிடுவார்கள். காய்ச்சல், தையலில் சிவப்போ சீழோ, மூச்சு வாங்குதல், சாப்பாடு இறங்காமை, சோர்ந்து கிடப்பது என்றால் அடுத்த ரிவ்யூவுக்குக் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். இதய ஓட்டையை ஒட்டு வைத்து அடைத்திருந்தால் ஆறு மாதத்துக்குப் பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாடிக் தேவை என்று பல் டாக்டரிடம் நினைவூட்டுங்கள். ரத்தம் ஏற்றியிருந்தால் அம்மை போன்ற சில தடுப்பூசிகளைத் தள்ளிப் போடச் சொல்வார்கள், டிஸ்சார்ஜ் சம்மரியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

படுக்கையில் சிறுநீர் போவது, அம்மா பாத்ரூம் போனால்கூட அழுவது, ராத்திரி அலறி எழுவது எல்லாம் முதல் சில வாரம் வரும். என் மகள் யானையை மறுபடியும் கட்டிலில் போட்டுத் தினமும் ஆபரேஷன் செய்தாள். இந்த முறை ஊசி போட்டது என் அம்மாவுக்கு, அதுவும் நிறைய. விளையாட விட்டோம். ஒரு மாதத்துக்கு மேலும் குறையவில்லை என்றால் குழந்தை மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கிறார்கள்.

நமக்கும் வரும். ஏடிஎம் இயந்திரம் பீப் என்று அடித்தபோது பணத்தை எடுக்காமலே வெளியே ஓடி வந்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்துத்தான் 14416-க்குப் பேசினேன். அது மனநல உதவி எண், தமிழில் பேசுகிறார்கள், கட்டணம் கிடையாது. நீங்கள் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம்.